எலும்புப்புரை இருக்கிறது, பயண இன்சூரன்ஸ் எடுக்கிறேன்: சொல்லத்தான் வேண்டுமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 11

வயது 64. லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். போன வருடம் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ் என்று வந்தது. வாரம் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். நன்றாகத்தான் நடமாடுகிறேன். ஏப்ரலில் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போக வேண்டும். இன்சூரன்ஸில் இதைச் சொன்னால் பணம் ஏறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். விழுந்து கை ஒடிந்தால் அது விபத்து. நோய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

2024 பிப்ரவரி 11, இரவு

சொல்லாமல் விடாதீர்கள். எனக்கும் இதே நோய்தான், பல வருடமாக. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் இதே ஃபாரத்தோடு மல்லுக்கட்டுகிறேன்.

"விபத்துதானே" என்ற வாதம் க்ளெய்ம் பண்ணும் இடத்தில் நிற்காது. கை ஒடிந்து பணம் கேட்டால், உங்கள் ஜி.பி.யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், இருக்கும் மருத்துவக் குறிப்புகளைப் பார்க்க ஒப்புதல் கேட்பார்கள். அதில் டெக்ஸா ரிப்போர்ட் இருக்கும். அலென்ட்ரோனிக் ஆசிட் 70 மில்லிகிராம் என்று வாராந்திர மருந்து இருக்கும். நின்ற நிலையிலிருந்து தடுக்கி விழுந்ததற்கே எலும்பு ஒடிந்தால், அதை டாக்டர்களே எலும்புப்புரையால் வந்த முறிவு என்றுதான் எழுதுகிறார்கள். நல்ல எலும்பு அந்த விழுதலைத் தாங்கியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அப்புறம் எப்படி சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள்?

பிரிட்டனில் இதற்கு 2012-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கேட்ட கேள்விக்குக் கவனமாக, உண்மையாகப் பதில் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. கேட்காததைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. கவனக்குறைவால் ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்றால், சொல்லியிருந்தால் எவ்வளவு பிரீமியம் வாங்கியிருப்பார்களோ அந்த விகிதத்துக்குக் க்ளெய்மைக் குறைக்கலாம். 80 பவுண்டு கட்டினீர்கள், சொல்லியிருந்தால் 160 ஆகியிருக்கும் என்றால் ஆஸ்பத்திரி பில்லில் பாதிதான் வரும். சொன்னால் உங்களுக்குப் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று அவர்கள் காட்டிவிட்டால் அந்தப் பாதியும் இல்லை. தெரிந்தே மறைத்தீர்கள் என்றால் மொத்தக் க்ளெய்மையும் மறுக்கலாம், கட்டிய பணத்தையும் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் யோசித்து, இங்கே கேட்டு, அதன் பிறகு விடப்போகிறீர்கள். அது எந்த வகை என்று நீங்களே பாருங்கள்.

2024 பிப்ரவரி 12

பணம் ஏறும் என்று எழுதியிருந்தீர்கள். நோயின் பெயருக்கு அவ்வளவாக ஏறுவதில்லை என்பதுதான் நான் கண்டது. அதைச் சொன்னதும் அடுத்தடுத்துக் கேட்பார்களே, அந்தக் கேள்விகளுக்கான பதிலில்தான் விலை இருக்கிறது.

என்னிடம் கேட்டவை: இந்த நோயால் எலும்பு ஒடிந்திருக்கிறதா? எந்த எலும்பு? முதுகெலும்பா? எத்தனை? கடைசியாக எப்போது? நடக்கக் கோல் வேண்டுமா? வலிக்குத் தினமும் மருந்து சாப்பிடுகிறீர்களா? ஸ்டீராய்டு? மூச்சுத் தொல்லை உண்டா? கடைசிக் கேள்வி ஏன் என்று முதலில் புரியவில்லை. முதுகெலும்பு நசுங்கி உடல் முன்பக்கம் கூன் விழுந்தால் நுரையீரலுக்கு இடம் குறைந்துவிடும், அதனால்தான் கேட்கிறார்கள்.

முறிவே இல்லாதவராக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எனக்கு மணிக்கட்டு முறிவு மட்டும் இருந்த காலத்தில் ஒரு இடத்தில் கூடுதலாக ஒரு பென்னிகூடக் கேட்கவில்லை. இன்னொரு இடத்தில் அதே பதில்களுக்குத் தொகை இரட்டிப்பானது. அதனால் முதலில் வந்த விலையைப் பார்த்து மலைக்காதீர்கள், ஒத்துக்கொள்ளவும் செய்யாதீர்கள்.

2024 பிப்ரவரி 12, பிறகு

இன்னொன்று. எலும்புப்புரையா, அதற்கு முந்தைய நிலையான ஆஸ்டியோபீனியாவா என்று ரிப்போர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே என்றால் ஆஸ்டியோபீனியா. "எலும்பு வீக்காக இருக்கிறதாம்" என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, இல்லாத நோய்க்குப் பணம் கட்டுபவர்களை எனக்குத் தெரியும். முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தால் அது தனி நோய், தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வருகிறவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர்.

ஜி.பி. ரிசப்ஷனில் கேட்டால் உங்கள் மருத்துவக் குறிப்பின் சுருக்கம் தருவார்கள். பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். ஆப்பிலும் பார்க்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். அவர்கள் பின்னால் பார்க்கப்போவதும் அதே காகிதத்தைத்தான்.

2024 பிப்ரவரி 15

"வயதானவர்களுக்கு யாரும் தர மாட்டேன் என்கிறார்கள், நோயும் இருந்தால் கேட்கவே வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விளம்பரம் செய்யும் பெரிய பெயர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறோம்.

2021 ஏப்ரலில், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் பிரிட்டன் அமைப்பான எஃப்.சி.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது. நோயைக் காரணம் காட்டிப் பாலிசி மறுத்தாலோ, அந்த நோய்க்கு விலக்கு போட்டாலோ, நோய்க்காகக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பணம் ஏற்றினாலோ, இத்தகையவர்களுக்கென்றே பாலிசி தரும் கம்பெனிகளின் பட்டியலை அவர்களே நமக்குக் காட்ட வேண்டும். மணிஹெல்ப்பர் என்ற அரசு சார்ந்த சேவையில் அந்தப் பட்டியல் இருக்கிறது, அவர்களுக்குத் தொலைபேசியும் உண்டு. ராயல் ஆஸ்டியோபோரோசிஸ் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தின் உதவி எண்ணில் நர்ஸ்கள் பேசுவார்கள். விலை சொல்ல மாட்டார்கள், ஆனால் உங்கள் முறிவைப் பற்றிக் கேள்வி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று பொறுமையாகச் சொல்வார்கள். எனக்குச் சொன்னார்கள்.

விலை ஒப்பிடும் இணையதளங்களில் ஒரு கஷ்டம். நோய்க் கேள்விகளுக்கு அங்கே ஒருமுறை பதில் சொன்னால் போதும் என்று நினைப்போம். சில கம்பெனிகளுக்குப் போனதும் மறுபடி முதலிலிருந்து கேட்பார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதிலா என்று பாருங்கள். பணம் கட்டிய பிறகு வரும் தாளில் உங்கள் நோய் பெயரோடு "காப்பீடு உண்டு" என்று அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றே போன் போடுங்கள்.

2024 பிப்ரவரி 20

பேங்க் அக்கவுண்டோடு இலவசமாக வரும் பயண இன்சூரன்ஸ் போதுமா என்ற கேள்விக்கு: அதிலும் நோயைச் சொல்ல வேண்டும். அக்கவுண்ட் திறக்கும்போது யாரும் கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் விட்டுவிட முடியாது. அந்த இன்சூரன்ஸின் எண்ணுக்கு அழைத்து, ஸ்கிரீனிங், அதாவது நோய் பற்றிய கேள்விகளை, முடித்து, தேவைப்பட்டால் கூடுதல் தொகை கட்டி, கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். வயது வரம்பும் பாருங்கள். 70-ல் நிறுத்திவிடும் அக்கவுண்ட்கள் உண்டு.

2024 மார்ச் 3

ஊரிலிருந்து அம்மாவை லண்டனுக்கு அழைத்து வருகிறவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 76 வயது, எலும்புப்புரை, சர்க்கரை. இது வேறு கதை, நிதானமாகப் படியுங்கள்.

பிரிட்டன் விசிட்டர் விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. அதனால்தான் பலர் எடுப்பதில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ பாதுகாப்பு கட்டாயம், அதனால் அங்கே போகிறவர்கள் எடுக்கிறார்கள். ஆனால் எலும்பு ஒடிவதற்கு விசா வித்தியாசம் தெரியாது.

இங்கே அம்மா விழுந்தால் ஏ அண்ட் ஈ என்ற அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். இடுப்பு எலும்பு ஒடிந்து வார்டில் சேர்த்த நிமிடத்திலிருந்து கட்டணம். வெளிநாட்டு விசிட்டருக்கு என்.ஹெச்.எஸ். செலவில் 150 சதவீதம் போடுவார்கள். அவசர சிகிச்சையைப் பணம் இல்லை என்று நிறுத்த மாட்டார்கள், அது உண்மை. பில் பின்னால் வரும். 500 பவுண்டுக்கு மேல் கட்டாமல் விட்டால் அடுத்த விசாவில் அது பேசும். பேரன் கல்யாணத்துக்கு வர முடியாமல் போகலாம்.

இந்தியாவில் எடுக்கும் பாலிசிகளில் பெரும்பாலானவை முன்பே இருக்கும் நோயை விலக்கிவிடுகின்றன, அல்லது உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு மட்டும் தருகின்றன. எலும்பு முறிவு அந்த வரிக்குள் வருமா வராதா என்பதில்தான் சண்டை. ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொன்னால் அதை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எலும்புப்புரையைப் ப்ரோபோசல் ஃபாரத்தில் எழுதி, "தெரிந்த எலும்புப்புரை உள்ளவர் விழுந்து இடுப்பு ஒடிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பணம் உண்டா" என்று நேராகக் கேளுங்கள். ஆம் இல்லை என்று பதில் வராத கம்பெனியை விட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியை என் தங்கை சென்னையில் இருந்துகொண்டு மெயிலில் கேட்டாள். சில இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. பதில் வந்த இடத்தில் எடுத்தோம்.

2024 மார்ச் 9

வருடம் முழுவதற்குமான பாலிசி எடுப்பவர்கள் கவனிக்க: பலவற்றில் ஒரு பயணம் 31 நாள்தான். நாம் ஊருக்குப் போனால் சும்மாவா வருகிறோம்? காது குத்து, கல்யாணம், குலதெய்வம் கோவில் என்று ஆறு வாரம் ஆகிவிடும். 31 நாள் தாண்டினால் முப்பத்திரண்டாம் நாளிலிருந்து மட்டும்தான் பாதுகாப்பு இருக்காது என்று நினைக்க வேண்டாம். பயணத்தின் மொத்த நீளமே வரம்பை மீறினால் முதல் நாளிலிருந்தே கிடையாது என்று எழுதிவைத்திருக்கும் பாலிசியை நான் படித்திருக்கிறேன். 45, 60, 90 நாள் என்று நீட்டித்துத் தருவார்கள், கேட்க வேண்டும்.

இந்தியா, இலங்கைக்கு "உலகம் முழுவதும், அமெரிக்கா கனடா கரீபியன் நீங்கலாக" என்ற வகை போதும். அமெரிக்காவைச் சேர்த்தால் விலை எகிறும். பாலிசி பிரிட்டனில் கிளம்பி பிரிட்டனுக்குத் திரும்பும் பயணத்துக்குத்தான். ஊருக்குப் போய் இறங்கிய பிறகு எடுக்கலாம் என்று இருக்காதீர்கள்.

2024 மார்ச் 17

பிப்ரவரியில் "பதிலில்தான் விலை இருக்கிறது" என்று எழுதியிருந்தேன். அது எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதை எழுதாமல் விட்டால் அந்த வரி பாதிதான்.

சில வருடங்களுக்கு முன்னால், கட்டிலுக்கு அடியில் இருந்த சூட்கேஸைக் குனிந்து இழுத்தேன். முதுகில் சுரீர் என்றது. தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்தேன். வாரக்கணக்கில் குறையவில்லை. புடவை கட்டும்போது தரையில் கூடுதலாகப் புரள்கிறதே, உயரம் குறைந்துவிட்டதோ என்று வேறு ஒரு சந்தேகம். ஜி.பி. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மார்பு முதுகெலும்பில் கடைசி எலும்பு முன்பக்கமாக நசுங்கி ஆப்பு வடிவத்தில் இருந்தது. விழவே இல்லை. குனிந்ததற்கே ஒடிந்திருக்கிறது. முதுகெலும்பு முறிவு நிறையப் பேருக்கு இப்படித்தான், அவர்களுக்குத் தெரியாமலே வந்துவிடுகிறது.

அப்போது என் கையில் வருடாந்திரப் பாலிசி இருந்தது, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. பாலிசியில் ஒரு வரி: உடல்நிலையில் மாற்றம் வந்தால் பயணத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்காரர் "பாலிசி எடுத்தபோது இல்லாததுதானே, ஏன் வம்பு" என்றார். நான் அழைத்தேன். மறுபடி முழு ஸ்கிரீனிங். முதுகெலும்பு என்றதும் எதிர்முனையில் குரலே மாறியது. கூடுதல் தொகை கேட்டார்கள், கட்டினேன், போய் வந்தேன். அடுத்த வருடம் அதே கம்பெனி புதுப்பிக்க மறுத்துவிட்டது. அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குப் போகவே முடியாதோ என்று.

மணிஹெல்ப்பர் பட்டியலில் இருந்த ஒரு சிறிய கம்பெனி கொடுத்தது. விலை கூடுதல்தான். ஆனால் அங்கே என்னிடம் பேசிய பெண் கேட்ட கேள்விகள் நோயைத் தெரிந்தவர் கேட்பதுபோல் இருந்தன. முறிவு ஆறிவிட்டதா, புது மருந்து தொடங்கியாகிவிட்டதா, அதற்குப் பிறகு புதிதாக ஒடிந்ததா? ஸோலெட்ரானிக் ஆசிட் வருடம் ஒரு டிரிப் போட ஆரம்பித்திருந்தேன், அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு முறிவு இல்லாமல் காலம் கழியக் கழிய எனக்குப் பிரீமியமும் இறங்கியிருக்கிறது.

ஆக, முதுகுவலியும் உயரக் குறைவும் இருக்கிறவர்கள் இன்சூரன்ஸுக்கு முன்னால் ஜி.பி.யைப் பாருங்கள். பாலிசிக்காக இல்லை, உங்கள் முதுகுக்காக.

2024 மார்ச் 18

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் எக்ஸ்ரே எடுக்காமலே போய் வந்துவிடலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். ஒடிந்த முதுகோடு 23 கிலோ பெட்டியைத் தூக்கினால் பக்கத்து எலும்பும் போகும். ஒரு முதுகெலும்பு முறிந்தவருக்கு அடுத்தது முறியும் வாய்ப்பு அதிகம்.

பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும்போது பாலிசி எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. "இன்னும் கண்டுபிடிக்கப்படாத, பரிசோதனையில் இருக்கும் நோய்க்குக் காப்பீடு இல்லை" என்பது ஏறக்குறைய எல்லாப் பாலிசியிலும் இருக்கும் வரி. டெக்ஸா ஸ்கேன் தேதி வாங்கியிருந்தால், முடிவு கையில் வந்த பிறகு எடுப்பதுதான் நல்லது. அதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டவர்கள் இதையும் போனில் சொல்லி, அவர்கள் சொல்வதை எழுதி வாங்குங்கள்.

2024 ஏப்ரல் 2

கனடாவிலிருந்து ஒருவர்: அங்கே "ஸ்டேபிளாக இருக்க வேண்டும்" என்கிறார்களாம். ஆமாம், அங்கே முறை வேறு. பயணத்துக்கு முந்தைய 90 நாள், 180 நாள் என்று ஒரு காலம் வைத்திருப்பார்கள். அதற்குள் புது மருந்து தொடங்கினாலோ, அளவு மாறினாலோ, புது அறிகுறி வந்தாலோ அந்த நோய் பாலிசிக்கு வெளியே போய்விடலாம். மருந்தின் அளவைக் குறைத்தாலும் மாற்றம்தான் என்று பல பாலிசிகளில் இருக்கிறது. டாக்டர் நல்லதற்குத்தான் மாற்றுகிறார், இன்சூரன்ஸுக்காக மருந்தை ஒத்திப்போடாதீர்கள். பயணத் தேதியைத் தள்ள முடியுமா பாருங்கள்.

மருந்து பற்றிப் பேச்சு வந்ததால்: டெனோசுமாப் ஊசி போடுகிறவர்கள் ஊருக்கு மூன்று மாதம் போகும் முன் அடுத்த ஊசி எப்போது என்று கணக்குப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியதைத் தள்ளிப்போட்டால், அடங்கியிருந்த எலும்புச் சிதைவு ஒரேயடியாகத் திரும்பி முதுகெலும்புகள் அடுத்தடுத்து ஒடியும் அபாயம் உண்டு. இது டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. டெரிபாராடைட் பேனா ஊசி என்றால் குளிர்ப்பையில் கைப்பையோடு வைத்து, டாக்டர் கடிதத்தோடு கொண்டுபோங்கள். கார்கோவில் போடாதீர்கள், உறைந்துவிடலாம். வார மாத்திரைக்காரர்கள் வெறும் வயிறு, வெறும் தண்ணீர், அரை மணி நேரம் நிமிர்ந்து இருப்பது என்ற வரிசையை ஏர்போர்ட் அவசரத்தில் குழப்பிக்கொள்ளாமல், பயண நாளுக்கு முந்தின நாளோ பிந்தின நாளோ வைத்துக்கொள்ளலாமா என்று பார்மசியில் கேளுங்கள்.

2024 ஏப்ரல் 14

புத்தாண்டு. மதுரை கிளம்புகிறவருக்காக இதை எழுதுகிறேன், இன்சூரன்ஸ் இல்லை.

மீனாட்சி அம்மன் கோவில் கல்தரை காலையில் கழுவிவிட்ட பிறகு வழுக்கும். விளக்கு ஏற்றும் இடங்களில் எண்ணெய் சிந்தியிருக்கும். பொற்றாமரைக் குளத்துப் படியில் இறங்க வேண்டாம், மேலிருந்தே கும்பிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கூட்டத்துக்குள் போக நான் உங்களை விடமாட்டேன். டிவியில் பாருங்கள், மாடி இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் இருந்து பாருங்கள். தள்ளுமுள்ளில் நமக்கு நிற்கப் பிடிமானம் கிடையாது.

ஊர் வீட்டுப் பாத்ரூம்தான் கோவிலைவிட ஆபத்து. ஈரத் தரை, வழவழப்பான டைல்ஸ், இரவில் ஒரு படி இறங்க வேண்டியிருக்கும். ரப்பர் மேட் ஒன்று பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு விளக்கு ஒன்று.

பெட்டியை யாரையாவது தூக்கச் சொல்லுங்கள். ஏர்போர்ட்டில் உதவி இலவசம், 48 மணி நேரம் முன்பே ஏர்லைனிடம் சொல்ல வேண்டும். வீல்சேர் கேட்க வெட்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் நடக்க முடியாததற்காகக் கேட்பதில்லை, பெல்ட்டில் சுற்றிவரும் பெட்டியைத் தாவிப் பிடிக்காமல் இருக்கக் கேட்கிறேன். திரும்பி வரும்போது மாமியார் வீட்டு ஊறுகாயும் அத்தை கொடுத்த அரிசி அப்பளமும் சேர்ந்து பெட்டி இன்னும் கனமாக இருக்கும், அன்புக்கு எடை பார்க்க அவர்களுக்குத் தெரியாது.

2024 மே 26

ரோம் போகிறவருக்கு: ஐரோப்பிய அரசு ஆஸ்பத்திரிகளில் காட்டும் ஜி.ஹெச்.ஐ.சி. கார்டு இலவசம், உடனே விண்ணப்பியுங்கள். காசு வாங்கிக்கொண்டு தருகிறோம் என்னும் இணையதளங்கள் வேண்டாம், என்.ஹெச்.எஸ். தளத்திலேயே எடுக்கலாம். இத்தாலி அரசு ஆஸ்பத்திரியில் அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன செலவோ அதே செலவில் பார்ப்பார்கள். ஆனால் அது இன்சூரன்ஸுக்கு மாற்று இல்லை. இடுப்பு ஒடிந்தவரை ஸ்ட்ரெச்சரில் விமானத்தில் கொண்டுவரும் செலவு அந்தக் கார்டில் வராது. படுத்த நிலையில் ஒருவரைக் கொண்டுவரப் பல இருக்கைகளை எடுத்துவிட வேண்டும், கூட நர்ஸும் வர வேண்டும். எலும்புப்புரைக்காரர்களுக்கு இன்சூரன்ஸ் முக்கியமாகத் தேவைப்படுவது இந்தச் செலவுக்குத்தான். தனியார் ஆஸ்பத்திரி செலவும் அந்தக் கார்டில் வராது. ரோமில் கருங்கல் பதித்த தெருக்கள், ஷூ அடிப்பாகம் கெட்டியாக இருக்கட்டும்.

2024 ஜூலை 7

என் நாத்தனார் போன மாதம் கோயம்புத்தூரில் மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். அவருக்கும் எலும்புப்புரை, சொல்லித்தான் பாலிசி எடுத்திருந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பிறருக்கு உதவும்.

விழுந்தது சனிக்கிழமை இரவு. பக்கத்து தனியார் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து ஆபரேஷன் என்றார்கள், முன்பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்றார்கள். அவர் மகன் லண்டனிலிருந்து பாலிசியில் இருந்த 24 மணி நேர எண்ணுக்கு அழைத்தான். முதலில் அழைத்ததுதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. பெரிய செலவுக்கு முன்னால் அவர்களைக் கேட்காமல் சம்மதித்தால் பின்னால் அதையே காரணம் காட்டுவார்கள். அவர்கள் எக்ஸ்ரே படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லி மெயில் அனுப்பினார்கள். முன்பணத்தை நாங்கள்தான் கட்டினோம். இந்தியாவில் பெரும்பாலும் அப்படித்தான், கையில் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும். அதற்கு ஒரு கார்டில் இடம் வைத்துக்கொண்டு போங்கள்.

பில், மருந்துச்சீட்டு, எக்ஸ்ரே ஃபிலிம், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரிஜினலாக வாங்கி வைத்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் எப்படி விழுந்தார் என்ற வரியைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். "மயங்கி விழுந்தார்" என்று எழுதியிருந்தார்கள். அவர் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். மயக்கம் என்றால் இதயமா, மூளையா, முன்பே இருந்ததா என்று புதிதாக ஒரு கேள்வி கிளம்பும். டாக்டரிடமே சொல்லித் திருத்தி வாங்கினோம்.

கட்டுப்போட்ட கையோடு எப்போது விமானம் ஏறலாம் என்றால், பிரிட்டன் விமானத்துறை வழிகாட்டலில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த பயணத்துக்கு 24 மணி நேரம், அதற்கு மேல் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கட்டுக்குள் வீக்கம் வந்தால் ரத்த ஓட்டம் அடைபடும் என்பதற்காக. அவருக்கு டிக்கெட் தேதி அதற்குப் பிறகுதான், மாற்றவில்லை.

பணம் வந்தது, அவர் பங்கான எக்ஸஸ் போக. அந்த எக்ஸஸ் எவ்வளவு என்று பாலிசி எடுக்கும்போதே பாருங்கள். மலிவாக இருக்கும் சில பாலிசிகளில் நோய் சார்ந்த க்ளெய்முக்கு மட்டும் எக்ஸஸ் பல மடங்கு இருக்கும்.

2024 ஜூலை 8

"நாத்தனார் சொல்லி எடுத்ததால் கிடைத்தது, சொல்லாமல் எடுத்து கிடைத்தவரும் உண்டு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்டு. சின்ன பில்லாக இருந்தால் யாரும் தோண்ட மாட்டார்கள். இடுப்பு ஒடிந்து பில் லட்சக்கணக்கில் போகும்போது தோண்டுவார்கள். உங்களுக்கு எது ஒடியப்போகிறது என்று முன்பே தெரியாது.

2024 செப்டம்பர் 1

க்ளெய்ம் மறுக்கப்பட்டவர் ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். அவர் எலும்புப்புரையைச் சொல்லியிருக்கிறார், மாத்திரையைச் சொல்லியிருக்கிறார். பத்து வருடத்துக்கு முந்தைய கணுக்கால் முறிவைச் சொல்லவில்லை. கேள்வி "கடந்த ஐந்து வருடத்தில்" என்று இருந்ததாம்.

அப்படியென்றால் கேட்ட கேள்விக்கு அவர் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்கள் கேட்ட கேள்விகளின் பிரதி, போனில் என்றால் ஒலிப்பதிவு, இரண்டையும் கேளுங்கள். அது உங்களைப் பற்றிய தகவல், தர வேண்டியது அவர்கள் கடமை. எட்டு வாரத்துக்குள் முடிவான பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, மறுத்துத் தந்தாலோ, இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். நமக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். கம்பெனியின் கடைசிக் கடிதத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே பார்ப்பது கேள்வி தெளிவாக இருந்ததா, நீங்கள் நியாயமான கவனத்தோடு பதில் சொன்னீர்களா என்பதை. ஐந்து வருடம் என்று கேட்டுவிட்டுப் பத்து வருடத்தைப் பிடித்துத் தொங்குகிறவர்களிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அழைத்துச் சொல்லுங்கள், ஏற்பாடு செய்வார்கள்.